இடது பக்கம் திரும்பிப் படுங்க

ஜெல் புட்டியை இடது கக்கத்தில் இடுக்கிக்கொண்டுதான் அக்கா நோயாளியிடம் வயதைக் கேட்பார். கேட்டு, சீட்டில் இருப்பதோடு ஒத்துப்பார்த்து, சட்டையைக் கழற்றச் சொல்லி, மார்பில் மூன்று ஒட்டுப்பட்டைகளை ஒட்டி முடிப்பதற்குள் ஜெல் உடம்புச் சூட்டுக்கு வந்துவிடும். "ஐஸ் மாதிரி இருக்கிறதைத் தடவினா பெரியவங்க துள்ளுவாங்க. அவங்க துள்ளினா படம் துள்ளும். படம் துள்ளினா டாக்டர் என்மேல துள்ளுவார்" என்பது அவர் கணக்கு. புதிதாக வந்த நர்ஸ் ஒருத்தி, இது சுத்தமான பழக்கம் இல்லை என்று மேலிடத்தில் சொல்லி, ஜெல்லைச் சூடாக்கும் சின்னப் பெட்டி ஒன்றை வரவழைத்தாள். பெட்டி இப்போதும் இருக்கிறது. அதில் அக்கா தன் சாப்பாட்டு டப்பாவை வைக்கிறார்.

"இடது பக்கம் திரும்பிப் படுங்க. இடது கையைத் தலைக்கு அடியில வெச்சுக்குங்க. ஆங், கடற்கரையில போட்டோவுக்குப் படுத்த மாதிரி." இந்த வாக்கியத்தை ஒரு நாளைக்கு இருபத்தைந்து முறையாக இருபத்திரண்டு வருடம் சொல்லிவருகிறார். இடது பக்கம் படுத்தால்தான் இதயம் விலா எலும்புக்குப் பக்கத்தில் வந்து நிற்குமாம். அதோடு நோயாளியின் முகமும் அக்காவின் முகத்துக்கு நேரே வந்துவிடும். அதில்தான் தொல்லையே.

எங்கள் எக்கோ அறை முதல் மாடியில், எக்ஸ்ரேவுக்கும் கழிவறைக்கும் நடுவில் இருக்கிறது. ஜன்னல் கிடையாது. மார்பின் மேல் கருவியை வைத்து அழுத்தினால் உள்ளே இதயத்தின் அறைகளும் வால்வுகளும் திறந்து மூடுவது கறுப்பு வெள்ளைப் படமாக ஓடும். படுத்திருப்பவருக்குத் தெரியாதபடி திரையைச் சற்றுத் திருப்பி வைத்திருப்பார் அக்கா. பாதித் திரைச்சீலைக்குப் பின்னால் என் மேசை. அவர் பார்க்கும் படம் என் சின்னத் திரையிலும் ஓடும். அவர் அளவுகளைச் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்வேன். பத்து வருடமாகச் செய்கிறேன். எனக்கு நாற்பத்திரண்டு வயது. என்னை இன்னும் பாப்பா என்று கூப்பிடும் ஒரே ஆள் இவர்தான்.

வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள். ஒவ்வொருவருக்கும் பின்னால் ஒரு மகனோ மருமகனோ "ஒண்ணும் இல்ல, வயசாச்சு, அதான்" என்று சொல்லிக்கொண்டே வருவார். இந்தப் பேச்சு அக்காவுக்கு அறவே ஆகாது. "வயசு என்ன வியாதியா? இருபது வயசுக்காரன் மயங்கி விழுந்தா இருபது ஆச்சு, அதான்னு அனுப்பிருவீங்களா?" என்று கேட்டு மருமகனை வெளியே உட்கார வைத்துவிடுவார்.

கருவி மார்பைத் தொட்ட நொடியிலிருந்து அக்காவின் வாய் ஓயாது. பொழுது போகாமல் பேசுகிற பேச்சு இல்லை இது, வேலையில் ஒரு பங்கு. முடிவை நோயாளியிடம் சொல்ல அவருக்கு உரிமை இல்லை. டாக்டர் படத்தைப் பார்த்து, பச்சை மையில் கையெழுத்துப் போட்டு, அவர்தான் சொல்ல வேண்டும். "நான் வாயை மூடினேன்னு வை, உடனே என் மூஞ்சியைப் படிக்க ஆரம்பிச்சுருவாங்க. புருவம் ஏன் ஏறுச்சு, உதட்டை ஏன் கடிச்சான்னு. பேசிட்டே இருந்தா அதைக் கேக்கவே அவங்களுக்கு நேரம் சரியா இருக்கும்." பேச விஷயம் தேடி அவர் அலைய வேண்டியதில்லை. வீட்டில் ஒரு கணவர் இருக்கிறார்.

அந்த மனிதரை நேரில் பார்ப்பதற்கு முன்பே நானும், இந்த வட்டாரத்தில் நெஞ்சு வலி வந்த அத்தனை பேரும், அவரை நன்றாக அறிந்திருந்தோம். குடிநீர்த் துறையின் பம்ப் அறையில் முப்பத்துநாலு வருடம் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். காது மட்டும் ஓய்வு பெறவில்லை. "தெருவுல மூணாவது வீட்டு மோட்டார்ல பேரிங் போயிருச்சுன்னு படுக்கையில இருந்தே சொல்லுவார். நான் நாலு தடவை கூப்பிட்டா மட்டும் கேக்காது."

போன வருடம் எட்டு மாதமாக இந்தத் தொடரில் ஒரு புதுக் கதை ஓடிக்கொண்டிருந்தது. வாஷ்பேசினுக்கு அடியில் அவர் பத்திரமாக வைத்திருந்த பழைய மோட்டாரை அக்கா ஒருநாள் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டார். "அன்னையில இருந்து எனக்கு முதுகைக் காட்டித்தான் படுக்கிறார். முன்னெல்லாம் என் பக்கம் திரும்பித்தான் தூங்குவார். ஒரு இரும்புத் துண்டுக்காக முப்பத்தொரு வருஷத்துப் பொண்டாட்டிக்கு முதுகு." படுத்திருப்பவர்கள் கட்சி பிரிந்தார்கள். கேட்காமல் போட்டது தப்புதான் என்றார்கள் ஆண்கள். பெண்கள் ஒருத்தரும் அசரவில்லை. எங்கள் வீட்டில் பதினாறு வருடமாக முதுகுதான் என்றார் ஓய்வு பெற்ற தபால்காரரின் மனைவி.

முதுகோடு கதை நிற்கவில்லை. கீழே விழுந்த கரண்டியை அவர் குனிந்து எடுக்க மாட்டேன் என்கிறாராம். மாடிப்படியில் பாதியில் நின்று சுவரைப் பார்க்கிறாராம். "செவுத்துல என்ன இருக்கு? வெள்ளைதான் அடிச்சிருக்கு. எல்லாம் மோட்டார் கோவம்."

அக்காவே அறியாத ஒரு ரகசியம் எனக்குத் தெரியும். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் மாதம் கண்டுபிடித்தேன். படம் நன்றாக இருக்கும்வரை கணவரைத் திட்டிக்கொண்டே இருப்பார். படத்தில் ஏதாவது ஏடாகூடமாகத் தெரிந்தால், குரல் ஏறாமல் இறங்காமல், "பிள்ளைங்க எல்லாம் எங்க இருக்காங்க?" என்பார். யாரையாவது வரச்சொல்ல வேண்டியிருக்குமே என்ற எண்ணத்தில் தானாக வாயில் வந்துவிடுகிற கேள்வி அது. நோயாளி மகிழ்ச்சியாக மகள் பெருமை பேச ஆரம்பிப்பார். நான் மட்டும் நிமிர்ந்து திரையைப் பார்ப்பேன்.

அப்படி ஒருமுறை நிமிர்ந்தபோதுதான் அந்தக் கட்டியை முதலில் பார்த்தேன். வந்திருந்தவர் எழுபத்தொரு வயதுத் தலைமையாசிரியை. எழுந்து உட்கார்ந்தால் கண் இருட்டும். வீட்டில் காது என்றார்கள், காது டாக்டர் கழுத்து என்றார், கழுத்து டாக்டர் வயது என்றார். படத்தில், இதயத்தின் இடது மேல் அறையில் உருண்டையாக ஒன்று காம்பில் தொங்கி ஆடிக்கொண்டிருந்தது. வால்வு திறக்கும்போதெல்லாம் ரத்தத்தோடு சேர்ந்து போய் வழியில் நின்றது, மூடும்போது பின்வாங்கியது. இதைத் தீங்கில்லாத கட்டி என்பார்கள். புற்று இல்லை, மற்ற இடங்களுக்குப் போய்க் குடித்தனம் வைக்காது. ஆனால் பஸ் படிக்கட்டில் நின்றுகொண்டு ஏறவும் விடாமல் இறங்கவும் விடாமல் இருக்கிறாரே ஒருவர், அவரும் நல்ல மனிதர்தான். உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறதோ அதைப் பொறுத்து இது வழியை அடைக்கும். அதனால்தான் குனிந்தால், நிமிர்ந்தால், ஒரு பக்கம் படுத்தால் மட்டும் தொந்தரவு வரும். கேட்கிறவர்களுக்கு நடிப்பு மாதிரி இருக்கும்.

இருபத்திரண்டு வருடத்தில் இதை நாலே பேரிடம்தான் பார்த்திருப்பதாக அக்கா சொல்வார். "நாலு பேருக்கும் வீட்டுல வேற வேற பேரு வெச்சிருந்தாங்க பாப்பா. காது, வாயு, நரம்பு, வயசு. கூடவே இருக்கிறவங்களுக்குத்தான் கடைசியாத் தெரியுது."

போன வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை அக்கா மூக்குக்கண்ணாடியை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்தார். லிஃப்ட் அன்று வழக்கம்போல வேலை செய்யவில்லை. பதினொரு மணிக்குக் கணவர் கண்ணாடியோடு மாடி ஏறி வந்தார். எக்கோ அறைக்குள் செருப்போடு வரக்கூடாது. வாசலில் குனிந்து செருப்பின் வாரைக் கழற்றினார். நிமிர்ந்தார். நிமிர்ந்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டு, சுவரையே பார்த்தபடி நின்றார். உதடு வெளுத்திருந்தது. ஏழெட்டு மூச்சு விட்டபின், எதுவும் நடக்காதது போல உள்ளே வந்து, "இந்தா, தொலைச்சுராத" என்று கண்ணாடியை நீட்டினார்.

இதே காட்சியை அக்கா வீட்டில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார். அங்கே எரிச்சலோடு பார்த்தார். இங்கே அவர் வெள்ளைக் கோட்டில் இருந்தார். கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு, அடுத்த டோக்கனைப் பார்ப்பது போல அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"சட்டையைக் கழட்டுங்க."

"எதுக்கு?"

"கழட்டுங்கன்னா கழட்டுங்க."

"பாப்பா இருக்கு."

"பாப்பா பத்து வருஷமா இதைத்தான் பாத்துட்டு இருக்கு."

சீட்டு இல்லாமல் எப்படி என்று வாசலில் வரிசையைப் பார்த்துக்கொள்ளும் டோக்கன் அண்ணன் கேட்டார். டோக்கன் அண்ணனுக்கு நோயாளிகள் எல்லாரும் எண்கள்தான். அவருடைய சொந்த மைத்துனரே ஒருமுறை முப்பத்தாறாம் நம்பராக ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார். டாக்டரிடம் நான் சொல்லிக்கொள்கிறேன் என்று அக்கா கதவைச் சாத்தினார். வெளியே பதினேழாம் நம்பர் தன் எதிர்ப்பை இருமலில் தெரிவித்தார்.

அவசரத்தில் ஜெல்லைக் கக்கத்தில் வைக்க மறந்துவிட்டார். கணவர் துள்ளினார்.

"இடது பக்கம் திரும்பிப் படுங்க."

"அந்தப் பக்கம் வேண்டாம். மூச்சு முட்டும்."

"எப்போ இருந்து?"

"அது ஆச்சு, ஏழெட்டு மாசம். அதான் வீட்டுலகூட அந்தப் பக்கம் திரும்புறதில்லையே."

அக்காவின் கை அப்படியே நின்றது. கட்டிலில் அந்தப் பக்கம்தான் அக்கா படுப்பது.

"ஏன் சொல்லல?"

"சொன்னேனே. இந்தப் பக்கம் படுத்தா ஒரு மாதிரி இருக்குன்னு. நீதான், என் மூஞ்சியைப் பாத்தா ஒரு மாதிரி இருக்குன்னு நேராச் சொல்லுங்கன்ன. அதுக்கு மேல நான் என்னத்தைச் சொல்ல?"

"மோட்டாரைப் போட்ட கோவம்னு நினைச்சேன்."

"அந்த மோட்டாரா? அதுல வைண்டிங் எரிஞ்சு ஆறு வருஷம் ஆச்சு. நானே தூக்கிப் போடணும்னுதான் இருந்தேன்."

அக்கா கொஞ்ச நேரம் மட்டும் இடது பக்கம் சாயச் சொல்லி, கருவியை வைத்தார். வைத்ததும் பழக்கதோஷத்தில் வாய் ஓட ஆரம்பித்தது. "இந்த வீட்டுக்காரர் இருக்காரே, எதையும் ஒழுங்கா வாயைத் திறந்து சொல்ல மாட்டார்."

"யாரைச் சொல்ற?"

"எங்க வீட்டுக்காரரை. பேசாமப் படுங்க. ஒரு வார்த்தையை நாலாச் சொன்னா என்ன, வாடகையா கேக்கப்போறாங்க? பிள்ளைங்க எல்லாம் எங்க இருக்காங்க?"

என் விரல்கள் விசைப்பலகை மேலேயே நின்றுவிட்டன. நிமிர்ந்து பார்த்தேன். சின்னத் திரையில், இடது மேல் அறையில், காம்பில் தொங்கிக்கொண்டு, அந்த உருண்டை போய்ப்போய் வந்தது.

"எந்தப் பிள்ளைங்க?" என்றார் கணவர். "நம்ம பிள்ளைங்களா? உனக்குத் தெரியாதா?"

"சொல்லுங்க."

"பெரியவ அடுத்த தெருவுல இருக்கா. நேத்து நீதானே அவகூட சண்டை போட்ட. சின்னவன் கப்பல்ல இருக்கான். என்ன ஆச்சு உனக்கு?"

அக்கா ரத்த ஓட்டத்தின் சத்தத்தைக் கேட்கும் பொத்தானை அழுத்தினார். அறை முழுக்க அந்தச் சத்தம் நிறைந்தது. இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். கணவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தது. ஆனால் மல்லாந்து படுக்கச் சொன்னபோது அவர் கையைக் காட்டி நிறுத்தினார். கண்ணை மூடிக்கொண்டார். முப்பத்துநாலு வருடம் பம்ப் அறையில் நின்ற காது வேலை செய்துகொண்டிருந்தது.

"இது பைப் அடியில இருக்கிற ஃபுட் வால்வுல துணி சிக்கின சத்தம்" என்றார். "தண்ணி வரும், ஆனா முக்கிட்டு வரும். திறக்கிறப்போ எதுவோ போய் அடைக்குது, மூடுறப்போ விலகுது. சரிதானே?"

"டாக்டர் சொல்லுவார்."

"சரியா இல்லையா, அதை மட்டும் சொல்லு."

"டாக்டர் சொல்லுவாருங்க."

சொந்தக் கணவரிடம்கூட அவர் விதியை மீறவில்லை. குரலும் மாறவில்லை. கணவர் அசையவில்லை; ஆனாலும் என் திரையில் படம் துள்ளியது.

டாக்டர் வந்தார். ஒரு நாளைக்கு நாற்பது சொல்லுக்கு மேல் பேசாத மனிதர். படத்தை இரண்டு முறை ஓடவிட்டுப் பார்த்து, யார் என்றார். எங்கள் வீட்டுக்காரர் என்றார் அக்கா. அதைக் கேட்டபின் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எக்கோ அறையில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"காம்பு தெரியுது. கட்டிதான். பெரும்பாலும் கெட்ட கட்டியா இருக்காது. எடுத்துச் சோதிச்சாத்தான் உறுதியாச் சொல்ல முடியும். ஆனா இருக்கிறது கெட்ட இடம். வால்வை அடைக்குது. ஒரு துணுக்கு உடைஞ்சு மூளைக்குப் போனா பக்கவாதம். இன்னைக்கே படுத்துருங்க, இந்த வாரமே எடுத்துருவோம்."

கணவர் மனைவியைப் பார்த்து, "நான் சொல்லல?" என்றார். தான் சத்தத்தை வைத்துச் சொன்னது சரியாக இருந்தது என்பதைத் தவிர வேறு எதுவும் அவர் காதில் விழுந்த மாதிரி தெரியவில்லை.

அவரை வார்டுக்கு அனுப்பிவிட்டு வந்து அக்கா நெடுநேரம் கை கழுவினார். குழாயைத் திறந்தபடியே வைத்துக்கொண்டு சொன்னார்: "எட்டு மாசம் பாப்பா. அவர் முதுகோட சண்டை போட்டுட்டு இருந்திருக்கேன். வந்து படுத்தவங்க எல்லார்கிட்டயும் சொன்னேன். எனக்குத் தோணவே இல்லையே." அழுதார். நான் போய்க் குழாயை மூடினேன். குனிய முடியவில்லை, படி ஏற முடியவில்லை, ஒரு பக்கம் படுக்க முடியவில்லை. வரிக்கு வரி நோயின் விவரம்தான். எட்டு மாதம் நானும் கேட்டேன். புகாராக வந்ததால் சிரித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டு, ஜெல் புட்டியைக் கக்கத்தில் இடுக்கி, பதினேழாம் நம்பரை உள்ளே விடச் சொன்னார்.

அறுவை சிகிச்சைக்கு முந்தைய அந்த மூன்று நாளும் அக்காவுக்குத் திட்ட ஆள் இல்லாமல் போயிற்று. திரைச்சீலை துவைப்பது பற்றி ஏதோ பேசிப்பார்த்தார். எடுபடவில்லை. வழக்கமாக வரும் பெரியவர் ஒருவர் பாதியில் பயந்துபோய், "என்னம்மா, இன்னைக்கு வீட்டுக்காரரைப் பத்தி ஒண்ணுமே சொல்லல? எனக்கு எதுவும் பெருசா இருக்கா?" என்று கேட்டுவிட்டார். ஆக, ரகசியம் எனக்கு மட்டும் தெரிந்தது இல்லை.

வெள்ளிக்கிழமை ஐந்து மணி நேரம் அறுவை நடந்தது. அக்கா, மகள், நான் மூவரும் வெளியே பெஞ்சில் இருந்தோம். அன்று அக்கா ஐந்து மணி நேரமும் கைப்பையை இடது கக்கத்தில் இடுக்கியபடியே உட்கார்ந்திருந்தார். எடுக்கச் சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.

ஆய்வகத்திலிருந்து வந்த தாளை முதலில் படித்தது நான்தான். தீங்கில்லாத கட்டி என்று தெளிவாக இருந்தது. கணவருக்கு அதைவிட அந்தக் கட்டியைப் பார்க்க வேண்டும் என்பதில்தான் அக்கறை. பெரிய எலுமிச்சம்பழ அளவில் இருந்த அதைச் கண்ணாடிப் புட்டியில் திருப்பித்திருப்பிப் பார்த்தார். "இதை வெச்சுக்கிட்டு எட்டு மாசம் ஓடியிருக்குன்னா, மோட்டார் நல்ல மோட்டார்தான்" என்றார். மோட்டார் என்ற சொல்லை இனி வீட்டில் எடுக்கக் கூடாது என்று அக்கா சொல்லிவிட்டார்.

மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனைக்கு வந்தார். இந்தமுறை முறையான சீட்டோடு, இருபத்திரண்டாம் நம்பராக, தன் முறை வரும்வரை வெளியே உட்கார்ந்திருந்தார். செருப்பைக் குனிந்து கழற்றினார், நிமிர்ந்தார், சுவரைப் பார்க்காமல் உள்ளே வந்தார். மார்பின் நடுவில் தழும்பு நீளமாக இருந்தது. அக்கா கக்கத்திலிருந்து புட்டியை எடுத்தார்.

"இடது பக்கம் திரும்பிப் படுங்க."

திரும்பினார். முகத்துக்கு நேரே முகம். கருவி மார்பைத் தொட்டது. நான் விரல்களை விசைகளின் மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். என் திரையில் இடது மேல் அறை காலியாக, வால்வு தடங்கலின்றித் திறந்து மூடிக்கொண்டிருந்தது. இருந்தாலும் அக்கா வாயிலிருந்து வரட்டும் என்று இருந்தேன்.

"இந்த வீட்டுக்காரர் இருக்காரே" என்று ஆரம்பித்தார் அக்கா, "ஆபரேஷன் ஆனவரைப் பாத்துக்கணும்னு நான் ஒரு மாசம் லீவு போட்டா, அந்த ஒரு மாசமும் என் மிக்ஸி சத்தம் சரியில்லன்னே சொல்லிட்டு இருந்தார்." நான் தட்டச்சு செய்ய ஆரம்பித்தேன். மிக்ஸி, பக்கத்து வீட்டுத் தொட்டி, காணாமல் போன ஸ்பானர் என்று புகார்கள் வரிசையாக வந்தன. நடுநடுவே அளவுகள். எல்லாம் சரியான அளவுகள்.

பிறகு பேச்சு குறைந்து நின்றுபோனது. எட்டிப் பார்த்தேன். இடது கையைத் தலைக்கு அடியில் வைத்தபடி, அக்காவின் பக்கம் திரும்பி, கணவர் தூங்கிப்போயிருந்தார்.

டோக்கன் அண்ணன் கதவைத் திறந்து தலையை நீட்டி, "இருபத்திமூணு ரொம்ப நேரமாக் காத்திட்டிருக்காருங்க. முடிஞ்சுதா?" என்றார்.

"இன்னும் இல்ல" என்றார் அக்கா, திரும்பாமல்.

கதவு மூடியது. நான் என் திரையைப் பார்த்தேன். எந்திரத்தை அக்கா எப்போதோ அணைத்திருந்தார். படம் இல்லை, சத்தம் இல்லை. கருவியை மட்டும் எடுக்காமல், கணவரின் மார்பின் மேல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.